ஒரு குளிசைக்குள் இரண்டு மருந்து

திருகோணமலை, உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 44, எடை 46 கிலோ. வீட்டிலேயே தையல் வேலை. கணவர் வெளிநாட்டில். வீட்டில் தாயாரும் பதினொரு வயது மகனும். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் பஸ் மிதிபலகையில் கால் வழுக்கி விழுந்திருக்கிறார். நாரியில் பிடித்த நோ காலுக்கும் இறங்கியது. ஸ்கான் எடுத்துப் பார்த்த வைத்தியர், முள்ளந்தண்டின் இடைத்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று சொல்லி, ட்ரமடோலும் பரசிற்றமோலும் சேர்ந்த கூட்டுக் குளிசையை நாளுக்கு மூன்று வீதம் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் இப்போது பதினொரு வாரமாகிவிட்டது. வைத்தியர் எழுதித் தந்த அதே மருந்துத் துண்டைக் காட்டியே வாங்கி வந்திருக்கிறார். ஒன்று போதாமல் போனதால் வேளைக்கு இரண்டு, நாளுக்கு ஆறு. வருடப்பிறப்புத் தையல் குவிந்து கிடப்பதால் இடையில் நோ தலைகாட்டினால் பனடோல் இரண்டு, அதுவும் நாளுக்கு மூன்று தடவை. நித்திரை வராத இரவுகளில், வாரத்தில் இரண்டு மூன்று நாள், தாயாருடைய டயசிபாம் குளிசையில் பாதி.

பங்குனி உத்தர விரதத்துக்காக எல்லாக் குளிசையையும் நிறுத்தியிருக்கிறார். "இரண்டாம் நாள் வியர்த்து ஊற்றியது. மூக்கால் ஓடியது, கொட்டாவி மேல் கொட்டாவி, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது, வயிற்றாலும் போனது. தாங்க முடியாமல் ஒரு குளிசை போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அது அடங்கியதுதான் என்னைப் பயமுறுத்தியது" என்று எழுதுகிறார். பக்கத்து வீட்டுப் பெண் "அது போதைக் குளிசை" என்று சொல்லிவிட்டார். வழக்கமாகக் கொடுத்த பாமசிக்காரரும் போன வாரம் பழைய துண்டுக்குத் தர முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். கையில் இன்னும் நாலு நாளுக்குத்தான் இருக்கிறது. உறவினர் ஒருவர் துண்டில்லாமல் இரட்டை விலைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். தாயாரோ எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்து நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசச் சொல்கிறார். "நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா? இன்றோடு நிறுத்திவிடட்டுமா? ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னால் பொலிசுக்குப் போகுமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இன்னும் ஒரு வரி இருக்கிறது: "மகனுக்குப் பல்லு நோவு வந்தபோது பாதி கொடுத்தேன், பாவம், அடுத்த நாள் மத்தியானம் வரை நன்றாக நித்திரை கொண்டான்."

தங்கச்சி, நீங்கள் கேட்ட மூன்று கேள்வியையும் விட என்னைப் பயமுறுத்தியது நீங்கள் கேள்வியாகவே எழுதாத அந்தக் கடைசி வரிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ட்ரமடோல் வயிற்றில் இறங்கியவுடன் முழு வலுவோடு வேலை செய்கிற மருந்தல்ல. ஈரலில் உள்ள ஒரு நொதியம் அதை மாற்றிய பிறகே அபின் வகை மருந்தின் முழு வலு அதற்கு வருகிறது. அந்த நொதியத்தின் வேகம் ஆளுக்கு ஆள் வேறு, அது பிறப்போடு வருவது. சிலருக்கு அது மிக வேகமாக ஓடும். பாதிக் குளிசையே அவர்களுக்கு அதிகமாகி மூச்சை மந்தமாக்கிவிடலாம். யாருக்கு அப்படி என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017இல் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ட்ரமடோலையும் கொடெயினையும் கொடுக்கவே கூடாது என்று அறிவித்தது. உங்கள் மகன் அன்று கொண்டது நித்திரை அல்ல, மருந்து மயக்கம். எழும்பி வந்தான், நல்ல காலம். இனி எந்த நோவுக்கும் அவனுக்கு இது வேண்டாம். பல்லு நோவுக்கு அவன் எடைக்கு ஏற்ற பரசிற்றமோல் பாணியும் பல் வைத்தியரும் போதும். குளிசையை இன்றைக்கே அலுமாரியில் பூட்டித் திறப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஊசியும் நூலும் தேடுகிற பிள்ளையின் கை முதலில் போகிற இடம் அது.

பனடோல் கணக்கு

பாமசியில் குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் கடதாசி உறைக்குள் போட்டு, மேலே "1 × 3" என்று எழுதித் தருவார்கள். மருந்தின் பெயர் இருந்த துண்டு பெரும்பாலும் வெட்டின மற்றப் பாதியோடு போய்விடும். வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு வெள்ளைக் குளிசையும் ஓர் எண்ணும்தான். அதற்குள் இரண்டு மருந்து இருப்பதை யாரும் சொல்லித் தராவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? இதில் உங்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

இந்தக் கூட்டுக் குளிசை வழக்கமாக 37.5 மில்லிகிராம் ட்ரமடோலும் 325 மில்லிகிராம் பரசிற்றமோலும் கொண்டது. பரசிற்றமோல் என்பதும் நீங்கள் தனியாகப் போடுகிற பனடோலும் ஒன்றே. ஆறு குளிசையில் 1950 மில்லிகிராம். தனியாகப் போடும் பனடோல் ஒன்று 500, நாளுக்கு ஆறு, அது 3000. கூட்டினால் 4950. வளர்ந்த, ஆரோக்கியமான ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் மேல் எல்லை 4000. ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், விரதம் என்றும் வேலை என்றும் ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கும், மது அருந்துகிறவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். நான் பார்க்கும் 46 கிலோ ஆளை 3000ஐயும் தொடவிட மாட்டேன்.

"பாதிப்பில்லாத மருந்து" என்பது எல்லைக்குள் நிற்கும்வரை சரியான பேச்சு. பரசிற்றமோலின் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சாக மாறும். குளுட்டதயோன் என்று ஈரலிடம் இருக்கிற ஒரு பொருள் அந்த நச்சைப் பிடித்து அகற்றிவிடும். அளவு மிஞ்சினால் குளுட்டதயோன் தீர்ந்துபோகும், நச்சு ஈரலையே அரிக்கத் தொடங்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் ஓங்காளம் வந்தால் உண்டு. வலது விலாவின் கீழ் நோ, வாந்தி, கண்ணில் மஞ்சள் என்பதெல்லாம் பிறகு வருபவை. இதற்கு மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஒரே தடவையில் அதிகம் விழுங்கியவருக்கு எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். உங்களைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிப்போனவருக்கு இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். இதை வாசித்த கையோடு தனிப் பனடோலை நிறுத்துங்கள். அதை ஒரேயடியாக நிறுத்துவதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போய் ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். தடிமன் காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் பல குளிசைகளிலும் இதே பரசிற்றமோல் ஒளிந்திருக்கிறது, அவற்றையும் கணக்கில் சேருங்கள். பனடோலுக்குப் பதிலாக டைக்குளோபினாக், இபுபுரோபென் என்று நீங்களே மாறவும் வேண்டாம். அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பவை. டெங்குக் காய்ச்சலாக இருந்துவிட்டால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதைக் கண்ட ஊர் நாங்கள், இதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை.

அடிமையா நான்?

இல்லை என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. பதினொரு வாரம் நாள்தோறும் ஒரு மருந்தைக் கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று எடுத்துவிட்டால் வியர்வை, கொட்டாவி, மூக்கால் ஓடுதல், மயிர்க்கூச்சு, வயிற்றோட்டம் எல்லாம் வரும். நீங்கள் விரதத்தில் கண்டது அதுதான். ஒழுங்காக வைத்தியர் சொன்னபடி எடுத்தவருக்கும் இது வரும். அடிமைத்தனம் வேறு. நோ இல்லாத நாளிலும் அந்த மயக்கத்துக்காகத் தேடுவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் கை நிற்காமல் போவது, வேலையையும் பிள்ளையையும் விட மருந்து முதலிடத்துக்கு வருவது. அவற்றில் ஒன்றையும் நான் காணவில்லை. ஆனால் வைத்தியரைக் கேளாமல் வேளைக்கு ஒன்றை இரண்டாக்கியதும், இரட்டை விலை கொடுத்தாவது வாங்கலாமா என்று யோசிப்பதும் அந்தத் திசையில் வைக்கிற காலடிகள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாயைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இந்த இரண்டைப் பற்றி மட்டும் கவலைப்படுங்கள்.

இன்னொன்று. அதிகாலை நாலு மணிக்கு நாரி உளைந்து எழும்புகிறேன், குளிசை போட்டால்தான் சரி என்று எழுதியிருந்தீர்கள். ட்ரமடோலின் வேலை ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். இரவு பத்துக்குப் போட்டது நாலுக்கு இறங்குகிறது. அந்த நேரத்து உளைவில் ஒரு பங்கு தட்டினுடையதாக இருக்கலாம், இன்னொரு பங்கு மருந்து இறங்குவதால் உடம்பு கேட்பது. இதைத்தான் பலர் "நோ கூடிவிட்டது" என்று எண்ணி அளவைக் கூட்டுகிறார்கள்.

இன்றோடு நிறுத்திவிடாதீர்கள். விரதத்தில் பட்டதே மறுபடி வரும், தாங்காமல் திரும்பவும் இரண்டு போடுவீர்கள். படிப்படியாகக் குறைப்பதே வழி. நாளுக்கு எடுக்கிற எண்ணிக்கையில் வாரத்துக்கு ஒரு குளிசையைக் குறைக்கும் வேகம் பலருக்கு ஒத்துப்போகும். சிலருக்கு அதைவிட மெதுவாகப் போக வேண்டும். உங்களுக்கு எது என்பதை உங்களைப் பார்க்கிற வைத்தியர்தான் எழுத வேண்டும், கடிதத்தைப் பார்த்து நான் எழுதுவது முறையல்ல. அவர் எழுதுகிற புதிய துண்டோடு வாங்குவது குறைப்பதற்கான மருந்தாக இருக்கும். கையில் நாலு நாளுக்கு இருக்கிறது என்றபடியால் இந்த நாலு நாளுக்குள் அவரைப் பார்த்துவிட வேண்டும். குறைத்து முடித்த பிறகு ஒரு நாள் நோ வந்தது என்று பழைய ஞாபகத்தில் ஒரே தரம் இரண்டு போட்டுவிடாதீர்கள். பழக்கம் விட்டுப்போன உடம்புக்கு அது அதிகம். மெதுவாகக் கரையும் வகைக் குளிசை எதுவும் கைக்கு வந்தால் அதை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு வைத்த மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

அந்தப் பாதி டயசிபாம்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். ட்ரமடோலும் மூச்சை மந்தமாக்கும், டயசிபாமும் மந்தமாக்கும். இரண்டும் ஓர் இரவில் சேர்ந்தால் நித்திரைக்குள்ளேயே மூச்சு நின்றுபோகலாம். தும்மலுக்கும் அரிப்புக்கும் போடுகிற பிரிட்டன் (Piriton) குளிசை, நரம்பு நோவுக்கு எழுதும் பிரீகபலின், சாராயம் எல்லாம் அதே பக்கத்தில் நிற்பவை. வாரத்தில் இரண்டு மூன்று பாதி என்றபடியால் நீங்கள் இன்றைக்கே டயசிபாமை விட்டுவிடலாம். ஆனால் தாயாருடையதை யாரும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நாள்தோறும் எடுப்பவருக்கு அது வலிப்பைக் கொண்டுவரலாம்.

மன அழுத்தத்துக்கு எழுதும் புளுஒக்செற்றீன், சேர்ற்றலீன், நரம்பு நோவுக்கும் எழுதும் அமிற்றிரிப்டிலீன் ஆகியவற்றோடும் ட்ரமடோல் ஒத்துப்போகாமல் நடுக்கம், காய்ச்சல், தடுமாற்றம், வலிப்பு வரை போகலாம். அவற்றில் ஒன்றை எப்போதாவது எழுதித் தந்தால் "நான் ட்ரமடோல் எடுக்கிறேன்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் வலிப்பு வருத்தம் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தாயாருக்கு ஒன்றைக் காட்டி வையுங்கள். நீங்கள் உலுக்கியும் எழும்பாமல், மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டு, உதடு நீலம் பாய்ந்தால் 1990க்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை பக்கவாட்டில் திருப்பிக் கிடத்த வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்துத் தேத்தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளின் வழக்கம், அந்த நேரம் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

நாலு நாளாக மலம் கழியவில்லை, பப்பாசிப்பழமும் கேட்கவில்லை என்கிறீர்கள். மற்றப் பக்கவிளைவுகளுக்கு உடம்பு பழகும், இதற்குப் பழகாது. குடலையே மருந்து தூங்க வைத்திருக்கிறது. தண்ணீரும் பழமும் வேண்டும், ஆனால் அவை மட்டும் போதாது. குடலைத் தட்டி எழுப்புகிற மலமிளக்கியை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்க வெட்கப்பட்டு மூலவியாதி வரை போனவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். குளிசை போட்ட நேரத்தில் ஸ்கூட்டரும் ஓட்ட வேண்டாம், மோட்டர் பூட்டிய தையல் இயந்திரத்துக்கு முன்னாலும் கண் சொருக உட்கார வேண்டாம்.

பாமசிக்காரர், பொலிஸ், கன்னியா

உங்களைத் திருப்பி அனுப்பிய பாமசிக்காரர் மேல் கோபம் வேண்டாம். பத்து வாரமாகக் கொடுத்ததுதான் பிழை, போன வாரம் அவர் செய்தது சரி. ட்ரமடோல் வைத்தியரின் துண்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. உறவினர் கொண்டுவருகிற குளிசையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நீங்கள் வைத்தியர் எழுதிய மருந்தை அளவு தப்பி எடுத்த நோயாளி. அதை வைத்தியரிடம் சொல்வது குற்ற ஒப்புதல் அல்ல. நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. சட்டச் சிக்கல் தொடங்குகிற இடம் உறவினரின் கையிலிருந்து வாங்குவதுதான். மனம் தளர்ந்து யாரோடாவது பேச வேண்டும் என்றிருந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

தாயார் சொல்லுக்கும் வருகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிற ஊரில் இருந்துகொண்டு எண்ணெய் பூசுவதை நான் பழிக்கப் போவதில்லை. பூசுங்கள். உள்ளுக்கு எடுக்கும் மருந்து ஏதும் தந்தால் மட்டும் இரண்டு வைத்தியருக்கும் மற்றவர் தந்ததைச் சொல்லுங்கள். கன்னியாவின் வெந்நீர் நாரிக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்த ஏழு கிணற்றிலும் குனிந்து வாளியால் அள்ளி ஊற்றத்தான் வேண்டும், அது பிதுங்கிய தட்டுக்கு ஆகாது. மகன் அள்ளித் தரட்டும், நீங்கள் இருந்து குளியுங்கள்.

மருந்தைப் பற்றியே பேசி நோவை மறந்துவிடக் கூடாது. இப்படிப் பிதுங்கிய தட்டு பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணிந்துவரும். உங்களுக்குத் தணியாமல் இருப்பதற்கு நாள் முழுக்க வளைந்திருந்து தைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பும்படி கேளுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி முற்றத்தைச் சுற்றி வாருங்கள், வருடப்பிறப்புச் சட்டை கொஞ்சம் பிந்தினால் ஊர் கவிழ்ந்துவிடாது. ஆனால் சலம் போக முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு இடையில் விறைத்தாலோ, கால் சோர்ந்து இழுபட்டாலோ ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. அன்றே சத்திரசிகிச்சை வைத்தியர் பார்க்க வேண்டும்.

போகும்போது ஒரு கொப்பியில் இந்தக் கிழமை எடுத்த எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள்: குளிசை, பனடோல், தாயாருடைய பாதி, எல்லாம். குளிசை அட்டைகளையும் கடதாசி உறைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குறைத்து முடிந்தபின் மிஞ்சுகிற குளிசையைப் பாமசி திரும்ப எடுக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாவித்த தேயிலைச் சக்கையோடு குழைத்துக் கட்டிக் குப்பைக்குப் போடலாம், இன்னொரு நோவுக்காக எடுத்து வைக்க வேண்டாம். அந்தப் பழைய துண்டை மட்டும் வெட்கத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முதல் நாளும் முதல் அளவும் அதில்தான் இருக்கின்றன, எங்கிருந்து எவ்வளவு இறங்குவது என்று வைத்தியர் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான்.